வெள்ளிக்கிழமை வரும் வேல்ஸ்காரர்கள்

“‘நம்ம வீடு என்ன லாட்ஜா, யாரக் கேட்டு வரச் சொன்ன?’ன்னு காலையில இருந்து இதே கேள்விதான்க்கா.”

கணவர் சிவசண்முகம் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள் சித்ரலேகா. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த உலகம்மாள் ஈரத்துணி வாளியோடு கொடிக்கடியில் மாட்டிக்கொண்டாள்.

வரப்போகிறவர்கள் இரண்டு பேர். அவள் பாடுகிறவள், அவன் கிடார் வாசிக்கிறவன். இரண்டு பேரும் வேல்ஸ்காரர்கள். இங்கிலீஷ்காரர்கள் என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடுமாம். வேல்ஸ் எங்கன இருக்குன்னு மட்டும் கேட்டுடாதீய என்றாள். மகன் மகேஸ்வரன் மெட்ராஸில் வாங்கிவந்த கேசட்டால் வந்த வினை. பாட்டா அது? தொட்டில் பிள்ளை முழித்துவிடுமோ என்று பயந்து பாடுகிற முணுமுணுப்பு. கிடார் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறும், அவள் பேட்டை பஸ்ஸில் ஏறுவாள், கடைசியில் எப்படியோ இரண்டும் ஒரே இடத்தில் வந்து இறங்கும். அதற்குப் பேர் ஜாஸாம். மகேஸ்வரன் கண்ணை மூடிக் கேட்பான். தட்டில் சோறு ஆறும்.

“நானும் கான்வென்ட்ல படிச்சவதானக்கா. எனக்கே ஒரு வார்த்த வெளங்கலன்னா யாரு குத்தம்?”

கேசட் அட்டையில் விலாசம் இருந்தது. எழுதிப் போட்டாள். வாயைத் திறந்து பாடு, மிளகுப்பால் குடி, அவனை ஒரு தாளத்தில் நிற்கச் சொல் என்று மூன்று பக்கம். இவ்வளவு திட்டியபின் மரியாதைக்கு ஒரு வரி வேண்டாமா? கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைப் பார்த்தால் சொல்வோமே, அதேபோல, திருநெல்வேலிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் பத்து நாளாவது தங்கித்தான் போகணும் என்று முடித்தாள். நம்ம ஊரில் யாராவது அதை நம்பிப் பெட்டி கட்டுவார்களா?

அவர்கள் கட்டிவிட்டார்கள். இத்தனை உண்மையாக எங்களுக்கு யாரும் எழுதியதில்லை, வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறோம், சொன்னபடி பத்து நாள் தங்குகிறோம் என்று நேற்றுப் பதில் வந்தது. வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை. சைவச் சமையல் வேறு. முதல் நாள் தேங்காய்ப்பால் சொதியை ருசிப்பார்கள், மூன்றாம் நாள் என்ன செய்வார்கள்? அவர்கள் வாசலில் கால் வைத்தால் சீவலப்பேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லி, சிவசண்முகம் நாலு வேட்டியை மடித்துப் பையில் வைத்தாயிற்று. சொன்னால் செய்கிற மனுசர்.

சித்ரலேகா பதில் கடிதத்தை இன்னொரு தரம் விரித்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமல், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஒங்க மாடி ரூம் சும்மாத்தானக்கா கெடக்கு? அந்த ரெண்டு பேரயும் அங்கன வச்சுக்கிடுதியளா? சாப்பாடு நான் குடுத்து விடுதேன்.”

கொடியில் ஒற்றைச் சேலை சொட்டிக்கொண்டிருந்தது. வாளியையும் காணோம், உலகம்மாளையும் காணோம்.

“யக்கா, பத்தே நாளுதான்க்கா… சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”