முன்னோர் திசையில் ஒரு நாள்

ஹலோ... ஹலோ, எஃபியா? எஃபி, நான் நினியன் பேசறேன்... நினியன் ராட்ரே, மரபுப் பிரிவு இயக்குநர்... ஆமா, ஆமா, அதே நினியன்தான். மெதுவாத்தான் பேச முடியும். தலையைத் தூக்கினா போச்சு... குடிக்கல எஃபி. காலையில கஞ்சி குடிச்சதோட சரி. பதினேழாவது குழியோட கொடிக்குப் பக்கத்துல மணல் பள்ளம் இருக்குல்ல, அதுக்குள்ள கிடக்கறேன்... விழல. நானே குதிச்சேன். பந்து வருது எஃபி. மூடுபனிக்குள்ளேருந்து பந்து வருது.

...ஆமா, கோல்ஃப் திடல்ல பந்துதான் வரும், தெரியும். என் மேல வருதுன்னு சொல்றேன்.

...எங்க நின்னேனா? வழக்கமா நிக்கற இடம்தான். கொடிக்குப் பின்னால அந்தப் புல்திட்டு. நம்ம கின்ஃபாரி கிளப்புக்கு வர்ற விருந்தாளிங்களை எல்லாம் அங்க நிறுத்தித்தான் திடலோட வரலாறு சொல்லுவேன். இத்தனை வருஷத்துல ஒரு பந்துகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல...

...என்ன?

...ஆமா. இன்னிக்கு எதிர்த்திசை. ஆமா, ஆமா. புல்லு தேயாம இருக்கட்டும்னு அந்தக் காலத்துல ஒரு வாரம் இப்படி, ஒரு வாரம் அப்படின்னு திருப்பி ஆடுவாங்க. அதை உயிர்ப்பிச்சதே நான்தானே, எனக்குத் தெரியாதா? 'முன்னோர் திசை விழா'ன்னு அழைப்பிதழ்ல பொன்னெழுத்துல போட்டேன். ஆடற திசையை மாத்தினேன், நான் நிக்கற இடத்தை மாத்த மறந்துட்டேன்... சிரிக்காத. எஃபி, நீ சிரிக்கறது கேக்குது.

...ம்ம்... அதோ ஒண்ணு... விழுந்துடுச்சு. கொஞ்சம் தள்ளி. விசிலடிச்சுக்கிட்டே வருது, எங்கேருந்துன்னு தெரியல. கையை நீட்டினா கை தெரியல, அப்படி ஒரு கடல்பனி. மணல்ல பதிஞ்சு கிடக்கறது எல்லாம் முட்டை மாதிரி இருக்கு.

...தனியா இல்ல. சர் லுடோவிக் காஸ்க் கூட இருக்கார்... திடல் வடிவமைக்கிற மேதை. நம்ம திடலுக்குப் 'பழம்பெருந்திடல்'னு பட்டம் கொடுக்கலாமா வேணாமான்னு பார்க்க வந்தவர்... பயமா, அவருக்கா? நட்டமா நிக்கறார் எஃபி. தொப்பியைப் பந்து தட்டிக்கிட்டுப் போகுது, 'பந்து இறங்கற கோணத்தைக் கவனிச்சீங்களா ராட்ரே, அந்தச் சிற்பிக்கு என்ன தீர்க்கதரிசனம்'ங்கறார்... ஐயா, உக்காருங்க. கெஞ்சிக் கேக்கறேன், உக்காருங்க... மாட்டேங்கறார். உக்காந்தா கோணம் தெரியாதாம்.

...எந்தச் சிற்பியா? புத்தகத்துல எழுதியிருக்கேனே, மகாசிற்பி ஹெக்டர் பிட்கேர்ன். இந்தப் பள்ளத்தைக் கனவுல கண்டு, காலையில எழுந்து வந்து... ஷ்ஷ். மெதுவா. செம்மறியாடுன்னு சத்தமாச் சொல்லாத, அவர் காதுல விழும். காத்துக்கு ஒதுங்கி ஆடு படுத்துப் படுத்துத் தேஞ்ச பள்ளம்தான், ஊருக்கே தெரியும். ஆட்டுக்கு யாராவது பட்டம் கொடுப்பாங்களா?

...ஏறி வெளிய வரணுமா? எப்படி ஏறுவேன்? படி எங்க இருக்கு?... ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன். மரப்படி மரபுக்கு ஒத்து வரலன்னு. சுவரை இன்னும் ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொன்னதும் நான்தான். அட்டைப்படத்துக்கு எடுப்பா இருந்துச்சு. கீழ ஒரு வரிகூடப் போட்டேன், 'இதில் இறங்கியவர் எளிதில் மீண்டதில்லை'ன்னு... நல்ல வரின்னு நீயும்தானே சொன்ன.

இங்க பாரு எஃபி, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவ நீதானே. நிறுத்து... எல்லாரும் நீ உக்காந்திருக்கற கூண்டைத் தாண்டிப் போயிட்டாங்களா? இந்தக் கொடியை மறைக்கிற மேட்டுக்கு அந்தப் பக்கமா? அப்ப ஃபோன் போட்டுச் சொல்லு... கூடையிலயா? எல்லார் ஃபோனும் உன் கூடையிலயா?... ஆமா. நான்தான். முன்னோர்கள் கைபேசியோட ஆடலன்னு காலையில நான்தான் வாங்கி வைக்கச் சொன்னேன்... என்கிட்ட மட்டும் எப்படி இருக்குன்னா, நான் இயக்குநர்.

...கத்தாம இருப்பேனா? தொண்டை கிழியக் கத்தினேன். மேட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து கை தட்டறாங்க. விழாவுல இதுவும் ஒரு அங்கம்னு நினைச்சிட்டாங்க போல. அங்க கூட்டமா நின்னு விஸ்கி குடிச்சிட்டு இருக்காங்க. இந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாததால ஏதோ தயங்கித் தயங்கி ஒவ்வொருத்தரா அடிக்கறாங்க. அதனாலதான் இன்னும் உயிரோட இருக்கேன்...

...நீ நடந்து வரவா? வேணாம், வேணாம். பனியில உன்னையும் அடிச்சிடுவாங்க. அந்த வலிக்கிற முழங்காலை வெச்சுக்கிட்டு நீ...

மணி. எஃபி, மணி இருக்கே. இந்தக் கொடிக்குப் பக்கத்துல கம்பத்துல தொங்குமே, பித்தளை மணி... தெரியும், இப்ப இங்க இல்ல. அதை நான்தான் கழட்டிக் கொண்டுபோய் உன் பக்கத்து வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சேன். அதை எடுத்து வாசல்ல நின்னு அடி. மேடு முழுக்கக் கேக்கும்... சாவியா? சாவி என் கால்சட்டைப் பையில இருக்கு... கண்ணாடியை உடைக்கவா? ஐயையோ, கூடாது. அது இத்தாலியில செஞ்ச பெட்டி, எஃபி. கிளப் தலைவரம்மா கையால திறந்து வெச்சது. அதை உடைச்சா நாளைக்கு நான் அவங்க முகத்துல எப்படி...

ஆ... அம்மா...

...இருக்கேன். இருக்கேன். முதுகுல. முதுகுல விழுந்துச்சு. மூச்சு வரல... உடை. எஃபிம்மா, உடைச்சிடு. எதால வேணா உடை. பக்கத்துல நிறுவனரோட தலைச்சிலை இருக்குல்ல, அதைத் தூக்கி அடி... பளிங்குதான், இருக்கட்டும். மூக்கு ஏற்கெனவே ஒட்ட வெச்சதுதான்.

...என்ன 'ஆனா'? ஆனா கீனா எல்லாம் அப்புறம். குறுக்க பேசாத... நான் சொல்றதை முதல்ல... எஃபி, என்னைப் பேச விடு... மணியைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? மணியைப் பத்தி நாலு பக்கம் எழுதினவன் நான்...

எஃபி... இல்ல, மிஸஸ் கெடஸ். உங்களை இத்தனை நாள் நான் மரியாதையா நடத்தல, ஒத்துக்கறேன். இனிமே நடத்துவேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து பார்க்கறேன். எனக்கு மனைவி இருக்கா, அவ எனக்காக மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வெச்சிருப்பா. நான் ஆட்டுப் பள்ளத்துல சாகக் கூடாது. போங்க. ஃபோனை அப்படியே மேஜை மேல வெச்சிட்டுப் போங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்... போறீங்கல்ல?... சரி... சரி...

...உடைஞ்சிடுச்சு. ஐயா, சத்தம் கேட்டீங்களா? உடைச்சிட்டாங்க. இதோ, இன்னும் ஒரு நிமிஷம், அப்புறம் பயமில்ல. அதோ. அதோ அடிக்கறாங்க. என்ன ஒரு நாதம் பாருங்க... இந்த மணியா சர் லுடோவிக்? அந்தக் காலத்துல இது எதுக்குன்னா... ரொம்ப அழகான வழக்கம் ஐயா. காலையில கஞ்சி குடிக்கும்போது விருந்தாளிங்க எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன், மனப்பாடமாச் சொல்றேன் கேளுங்க. 'முன்னே ஆடியவர்கள் கொடியை விட்டு அகன்றதும் இம்மணியை ஒலிப்பர். மேட்டுக்கு அப்பால் காத்து நிற்போர் அது கேட்டு, வழி காலியாகிவிட்டது, இனி அஞ்சாமல் அடிக்கலாம் என்று...'

...

எஃபி. எஃபி. மிஸஸ் கெடஸ், போதும். அடிக்காதீங்க. ஃபோனை எடுங்க... ஹலோ... இதைத்தான் 'ஆனா, ஆனா'ன்னு சொல்ல வந்தீங்களா? ஃபோனை எடுங்களேன்... ஹலோ... இன்னும் அடிக்கறாங்களே. இன்னும் பலமா அடிக்கறாங்களே...

மேட்டுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்னுடுச்சு. சிரிப்பும் நின்னுடுச்சு. எல்லாரும் சேர்ந்து 'ஆகா, வழி காலி'ங்கறாங்க.

ஐயா, இப்பவாவது படுங்க. சர் லுடோவிக், பட்டம் கிட்டம் எதுவும் வேணாம், படுங்க... இல்ல இல்ல, அங்க இல்ல. கீழ மணல் ஈரம், உங்க கோட்டு கெட்டுடும். என் மேல படுங்க. முழுசா. விருந்தாளி மேலதான் இருக்கணும், அது எங்க மரப—