அளவெடுக்க வந்தவள்

— வில்மார், என் இஞ்ச் டேப்பைக் குடுத்துடுங்க. பின்கட்டுக்குப் போறப்ப இந்த மேசை மேலதான் வச்சேன்.

— சொல்ல மாட்டேன்.

— சொல்ல வேண்டாம். குடுத்தாப் போதும்.

— மாட்டேன்.

— அவன்கிட்ட மல்லுக்கட்டாதே யானெலா. கழுதைகூட ஒரு அடி நகரும், இவன் நகர மாட்டான். இந்தா, இன்னொரு கிண்ணம் மாத்தே டீ குடி.

— நாலு கிண்ணம் ஆச்சு நீபியாம்மா. நன்றி.

— அதுக்குள்ள நன்றி சொல்லிட்டியே! சொல்லிட்டா போதும்னு அர்த்தம், அப்புறம் ஊத்தக் கூடாது. கெட்டில்ல இன்னும் பாதி இருக்கு பாரு.

— மூணு மணிக்குள்ள அளவை ஆபீஸுக்கு அனுப்பணும். பாத்ரூம் கதவு, வாசப்படி உயரம், எல்லாம். மொந்தேவிதேயோவுல இந்த மாதிரி மாற்றுத்திறனாளிங்க சேர்ந்து இருக்கற வீடு எத்தனை காத்திருக்கு தெரியுமா? இன்னைக்கு விட்டா மேஸ்திரி வேற வீட்டுக்குப் போயிருவார்.

— போகட்டுமே! பத்தொம்பது வருஷமா இந்தக் கதவு வழியாத்தான் வரேன், போறேன். அதுவும் போலியோ காலோட. எந்தக் கதவு என்னைத் தடுத்துச்சு?

— உங்களுக்கு அறுபத்திமூணு வயசு. நாளைக்கே சக்கர நாற்காலி வேணும்னா இந்தக் கதவுல நுழையாதும்மா. வீட்டை மாத்தலைன்னா, உங்களை முதியோர் இல்லத்துக்கு மாத்துவாங்க.

— அளந்தாத்தான் போயிருவாங்க.

— யார் போயிருவாங்க, வில்மார்?

— அமில்கார். இந்த வீட்டுல எங்ககூட இருந்தான். ஒருத்தர் வந்து அளந்தார். உக்கார வச்சு அளந்தார். படுக்க வச்சு அளந்தார். புது நாற்காலின்னார். அப்புறம் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாற்காலி அங்க இருக்கு. அமில்கார் இல்லை.

— ஐயோ... வில்மார், அன்னைக்கு ஆளை அளந்தாங்க. நான் வீட்டைத்தான் அளக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கணும்னுதான்.

— கேட்டியாடா பயந்தாங்கொள்ளி? வீட்டை மட்டும்தானாம்.

— எனக்குப் பயம் இல்லை. சத்தியமா.

— பின்ன ஏன்டா இப்படி வேர்க்குது?

— நீபியா, நீ...

— வாயை மூடிட்டு ரேடியோவைப் போடு. ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும்.

— ரேடியோ இருக்கட்டும்மா. வாங்க, அவர் ரூம்ல தேடுவோம். அப்படியே நீங்க நடக்கறதையும் பாத்துக்கறேன்.

— இப்பத்தான் சாப்பிட்டேன். அப்புறம் நடக்கலாம்.

— நான் வந்ததுலேருந்து நீங்க அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

— என் நாற்காலி, என் முதுகு. உனக்கு எங்க வலிக்குது?

— சரிம்மா. அப்ப நடந்ததை நடந்தபடி எழுதிடறேன். "வில்மார் டேப்பை எடுத்து ஒளித்துவிட்டார். கேட்டும் தரவில்லை."

— எழுதினா என்ன ஆகும்?

— அவருக்கு இந்த வீடு சரிப்படுமான்னு ஆபீஸ்ல பேசுவாங்க. வேற இடம் பாக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. என் கையில ஒண்ணும் இல்லை.

— எழுதட்டும் நீபியா. நான் சொல்ல மாட்டேன்.

— உனக்குப் புத்தி இருக்காடா? உன்னைத்தான் அனுப்புவாங்களாம்!

— வாக்குக் குடுத்திருக்கேன்.

— யாருக்குக் குடுத்தீங்க, வில்மார்?

— அதையும் சொல்ல மாட்டேன்.

— அப்ப எழுதத்தான் வேணும்.

— எழுதுங்க, யானெலா. என் பேரை நான் சொல்றேன். வி, ல்...

— போதும்டா. பேனாவை மூடு மகளே, அவன் எடுக்கலை. இப்படி வந்து என் கக்கத்துல கை குடு. டேப் எனக்கு அடியிலதான் இருக்கு. நீ அந்தப் பக்கம் பிடிச்சுக்கோடா, தினமும் காலையில தூக்கி நிறுத்துவியே, அதே மாதிரி.