கொளஞ்சியம்மாளின் சுண்ணாம்பு டப்பா

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா, தப்பாக நினைக்கக் கூடாது. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது. கழற்றி மேசையில் வைத்தால் பேசிக்கொண்டே சரிசெய்து தருகிறேன். சாப்பாட்டுக்கு லேட்டாக வருவதற்கு இதுதான் காரணம் என்று வீட்டம்மாவிடமும் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

வேண்டாமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. திருப்பாதிரிப்புலியூரில் கடிகாரக் கடை. ஊரில் பாதிப் பேருடைய நேரம் என் கையில் இருந்தது; மீதிப் பேருக்கு நேரம் பார்க்கும் பழக்கமே கிடையாது. அறுபத்தொன்றாம் வருஷம் என் சிநேகிதன் ரஃபியுதீன் சிங்கப்பூரிலிருந்து சொந்த ஊர் லால்பேட்டைக்கு வந்தபோது எனக்கு ஒரு சீசா நிறைய ரேடியம் பவுடர் கொண்டுவந்தான். வார்னிஷில் குழைத்துக் கடிகார முள்ளில் தடவினால் இருட்டில் பச்சையாக மின்னும். கொடுக்கும்போதே அவன் சொன்னான்:

"மச்சான், இது வாயில மட்டும் போவக் கூடாது. வெளிநாட்டுல இந்த வேல செஞ்ச பொண்ணுங்க பிரஷ்ஷ நாக்குல வச்சு வச்சு, தாடையே உளுத்துப் போச்சுன்னு பேசிக்கிறாங்க."

நல்ல மனுஷன். அவனை இதில் இழுக்காதீர்கள்.

கடிகாரத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். சிதம்பரம் கீழவீதியில் நடராஜர் பொம்மை விற்கிறார்களே, அவர்களிடம் தூக்கிய திருவடிக்கு ரேடியம் தடவிய பொம்மை ஒன்றைக் காட்டினேன். விலை கேட்டுவிட்டு நடையைக் கட்டியவர்கள்கூட, சாக்குக்குள் தலையை விட்டு இருட்டில் அது மின்னுவதைப் பார்த்ததும் திரும்பி வந்து வாங்கினார்கள். அவர் எத்தனையோ நூறு வருஷமாகக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் மின்னினால்தான் நம் ஜனங்களுக்குக் கண்ணில் படுகிறது. பிறகு சுவிட்சுக் குமிழ், பூட்டு, குழந்தைகளின் கிலுகிலுப்பை என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். என் ஒரு கை போதவில்லை.

கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நாலைந்து பெண்களை உட்கார வைத்தேன். என் மனைவி ஞானாம்பாள் கோலம் போட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், அப்படி ஒரு கை. "நான் சும்மாத்தான இருக்கறேன், எனக்கும் ஒரு பிரஷ்ஷு குடுங்க" என்று அவளும் வந்து நின்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

வந்தவர்களில் கெட்டிக்காரி கொளஞ்சியம்மாள். வாய்த்துடுக்கும் அவளுக்குத்தான் ஜாஸ்தி. முதல் நாளே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: பிரஷ்ஷை வாயில் வைத்தால் அன்றோடு வேலை கிடையாது. யாரும் வைக்கவில்லை. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

வெற்றிலைதான் தொல்லை. எல்லாரும் வெற்றிலைப் பிரியைகள். நினைத்தால் எழுந்து முக்குக் கடைக்குப் போவார்கள், போனால் ஊர்க்கதை பேசாமல் திரும்ப மாட்டார்கள். அதனால் வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் என் செலவில் தட்டோடு வாங்கிக் கொட்டகையிலேயே வைத்தேன். வெற்றிலை வாயில் இருந்தால் பசி தெரியாது, கையும் நன்றாக ஓடும். எந்த முதலாளி செய்வான் ஐயா? சுண்ணாம்பு டப்பா மட்டும் அவரவர் சொந்தம், இடுப்பில் செருகியிருப்பார்கள்.

பெயிண்ட் கோடு தாண்டி வழிந்தால் ஆள்காட்டி விரலால் ஒற்றி எடுப்பது வழக்கம். நடுவில் கை கழுவ நான் விடுவதில்லை. அந்தப் பவுடர் விற்ற விலைக்கு அதைச் சாக்கடையில் விட முடியுமா? விரலைக் கிண்ணத்து விளிம்பில் வழித்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்வேன். அதே விரலால்தான் சுண்ணாம்பைத் தொட்டு வெற்றிலையில் தடவுவார்கள். நம் ஜில்லாவில் சுண்ணாம்புக்கு ஸ்பூன் வைத்திருப்பவர்களை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தி விளக்கை அணைப்பேன். தப்பான எண்ணம் எதுவும் இல்லை, பெயிண்ட் திருட்டுப் போகக் கூடாது என்பதற்காக. கையைக் காட்டச் சொல்வேன், முந்தானையை உதறச் சொல்வேன், வாயைத் திறக்கச் சொல்வேன். கைகள் மின்னும். வாய்களும் மின்னும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

"கொளஞ்சி, சாமி காலவிட உன் நாக்கு நல்லா மின்னுதுடி" என்பாள் செல்லாயி.

"மின்னட்டும். எங்கூட்டுக்காரரு இருட்டுல என்னியத் தேட வேணாம் பாரு" என்பாள் கொளஞ்சியம்மாள்.

நானும் சிரிப்பேன். அவள் பேச்சைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். பிறகு கிணற்றடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுக் கடையைப் பூட்டுவேன்.

நாலாவது வருஷம் அவளுக்குப் பல்வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கினார்கள், பிடுங்கின இடம் ஆறவில்லை. அடுத்தடுத்த பற்கள் தாமாக விழுந்தன. தாடை எலும்பு துண்டு துண்டாக வெளியே வந்தது. வெற்றிலை புகையிலையால் வந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவு படித்தவர் சொன்னதை மறுத்துப் பேச நான் யார்? நானும் அப்படியே மற்றவர்களிடம் சொன்னேன். வெற்றிலைத் தட்டை மட்டும் நிறுத்தவில்லை; நிறுத்தியிருந்தால் முக்குக் கடைக்குப் போக ஆரம்பித்திருப்பார்கள்.

போன கார்த்திகையில் கொளஞ்சியம்மாள் போய்விட்டாள். மாலை வாங்கிப் போனேன், அழுதேன். நடிப்பு இல்லை. அவள் போன பிறகு கொட்டகையில் சிரிப்பே இல்லை.

அவள் மகள் மலர்க்கொடி அம்மாவின் சுண்ணாம்பு டப்பாவை ஞாபகத்துக்கு வைத்திருந்திருக்கிறாள். கரண்ட் போனபோது டப்பாவுக்குள் சுண்ணாம்பு பச்சையாக மின்னியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். நீங்கள் அழைத்துவந்த காலேஜ் வாத்தியாருடைய ரேடியம் கண்டுபிடிக்கிற மெஷின், டப்பாவைக் கிட்டே கொண்டுபோனதும் பொரி வறுப்பது போலப் படபடவென்று சத்தம் போட்டது. செல்லாயியின் வாய்க்கு நேரே பிடித்தபோதும் போட்டது. அவளுக்கும் இப்போது இரண்டு பல் ஆடுகிறதாம், அவள் புருஷன் பக்கிரி வெளியே நின்று என்னை முறைக்கிறான்.

வாய் மின்னியதைப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன், தினமும் பார்த்தேன். சோதனை போட்டவனே நான்தானே. ஆனால் ரஃபியுதீன் எச்சரித்தது பிரஷ்ஷைப் பற்றி. விரலைப் பற்றியோ சுண்ணாம்பைப் பற்றியோ அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாத ஒன்று எனக்கு எப்படித் தெரியும்? வெற்றிலை வழியாக அது உள்ளே போகும் என்று கனவில்கூட நினைக்கவில்லை. கற்பூரத்தை ஏற்றுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள். வீட்டில் சும்மா இருந்த பெண்டாட்டியை, அதுவும் அப்படிப்பட்ட கைக்காரியை, அவளே வந்து கேட்டும் ஏன் ஒரு நாள்கூட அந்த வேலைக்கு உட்கார வைக்கவில்லை என்று. இதில் மறைக்க என்ன இருக்கிறது ஐயா.

ஞானாம்பாள் வெற்றிலை போடுகிறவள்.