மூன்றாம் ஓலை

எனக்குச் சீனி வேண்டாம் இன்ஸ்பெக்டரம்மா, சுகர் இருக்கிறது. டீயை அப்படியே கொடுங்கள், சொல்கிறேன். ஜெயமேரி எதையும் ஒளிக்கிறவள் இல்லை.

மூத்தவள் ஜெசிந்தாவுக்குப் பதினைந்து வயதில் மனசு கெட்டுப்போனது. சாப்பிட மாட்டாள், குளிக்க மாட்டாள், சுவரோடு பேசுவாள். தேனி டாக்டர் கொடுத்த மாத்திரையில் இரண்டு வருஷத்தில் தேறிவிட்டாள். ஆனாலும் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தேன். “அவ என்ன சொன்னாலும் மனசுல வச்சுக்கிறாதீக ஆத்தா, தலைக்குச் சரியில்லாத பிள்ள.” யாரும் அவளை ஏசிவிடக் கூடாதே என்றுதான். தாய் வேறென்ன செய்வாள்?

இருபத்து நாலு வயதில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனாள். ஜீப் ஓட்டுகிறவன் ஜஸ்டின். சின்னவள் ஷெரினுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும் அவன்தான். சொந்த வண்டி, குடி கிடையாது. ஒரு சாயங்காலம் மற்றப் பெண்களை எல்லாம் இறக்கிவிட்டு இவளைக் கடைசியாகக் கொண்டுவந்து விட்டான். சுடிதார் கிழிந்திருந்தது, கழுத்தில் விரல் தடம். “ஜஸ்டின்மா” என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். சுடிதாரை அடுப்பில் போட்டேன்.

அத்தனை பெண்களில் இவளை ஏன் என்று கேட்கிறீர்கள். இவள் சொன்னால் ஊர் நம்பாது என்று அவனுக்குத் தெரியும். அவன் வீட்டிலும் நான் சொல்லிவைத்திருந்தேனே.

எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று. தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். யாரும் சொன்னதில்லை. ஷெரினுக்கும் ஜஸ்டினுக்கும் மூன்றாம் ஓலை வாசித்ததும் ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

“எனக்குத் தெரியும் சாமி. இவன் என்னயக் கெடுத்துட்டான்.”

குரல் நடுங்கவில்லை. நானும் எழுந்தேன். “இன்னைக்கு மாத்திர போடல சாமி. மன்னிச்சுக்கோங்க.”

கோவிலே பெருமூச்சு விட்டது. “பாவம், ஜெயமேரியக்கா எம்புட்டுத்தான் தாங்குவாக” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நான் மூடினேன். மறுவாரம் கல்யாணமும் முடிந்தது.

அவள் மாத்திரை போட்டிருந்தாள். காலையில் என் கையால்தான் கொடுத்தேன்.

இப்போது உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். கொடுக்கட்டும். ஒருத்தி பிழைப்புத்தான் போயிற்று, அதற்காக இன்னொருத்தியையும் மூலையில் உட்காரவைக்கச் சொல்கிறீர்களா? நாளைக்கே திரும்ப ஓலை வாசித்தாலும் அதையேதான் சொல்வேன். வருத்தப்படுகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஷெரினா? நன்றாகத்தான் இருக்கிறாள். போன வாரம் உதடு கிழிந்து வந்து நின்றாள். அவர் அடிக்கிறார், கழுத்தை நெரிக்கிறார் என்று ஏதேதோ உளறினாள். அக்காவுக்கு வந்தது இவளுக்கும் ஆரம்பித்திருக்கிறது. நாளைக்குத் தேனி டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன்.