மிதிக்க மனசு வராத விரிப்பு

புதிதாகக் கட்டிய அடுக்குவீட்டில் பெரிய சங்கடம் எதிரொலிதான் ஐயா. தும்மினால் வீடே திருப்பித் தும்மும். இதே ஊர் ராயபுரத்து ஓட்டு வீட்டிலிருந்து இங்கே குடிவந்த புதிதில், சமையலறையில் நான் கரண்டியைத் தவறவிட்டால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். சுவரெல்லாம் வெள்ளை. ஜன்னலுக்குக் கம்பி உண்டு, திரை கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு யாருமே பார்க்க வராதது போல இருந்தது.

அதனால்தான் துணி போட ஆரம்பித்தேன். துணி சத்தத்தைக் குடித்துவிடும்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் தம்பி பேனாவை மூடிவிட்டார், பாருங்கள். திறந்தே இருக்கட்டும். நான் கமலாம்பாள். போன வாரம் மாடிப்படியில் விழுந்து இறந்துபோன சாய மேஸ்திரி ரத்தினசாமியின் மனைவி. நீங்களே நேரில் வந்து பார்த்து, தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். எனக்கு ஆறுதலும் சொன்னீர்கள். அந்த ஆறுதலில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

எங்கள் முதலாளி தண்டாயுதபாணி பம்பாய் போய்வந்த ஜோரில் அந்த மூன்றடுக்குக் கட்டடத்தைக் கட்டினார். பனியன் கம்பெனியின் முக்கியமான ஆட்கள் அதில் குடியிருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கலர் பனியன் அப்போதுதான் தலையெடுத்திருந்தது. நொய்யல் கரையில் இருக்கும் அவருடைய சாயப்பட்டறையில் மாதுளம்பூச் சிவப்பு என்று ஒரு ஷேடு இறங்கியது. மெட்ராஸ் வியாபாரிகள் அதைக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். அந்தச் சந்தோஷத்தில் மேல்மாடி வீட்டை எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். ‘ரத்தினசாமிக்குக் கண்ணா அது, தராசு’ என்று கம்பெனியில் சொல்லுவார்கள்.

அந்தத் தராசுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் ஐயா.

கல்யாணமான வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆடிக்குப் புடவை எடுத்து வந்து, ‘நீ கேட்ட இலைப்பச்சை’ என்று பெருமையாக நீட்டினார். நல்ல செங்கல் நிறம். கட்டிக்கொண்டேன். ‘பச்சை உனக்கு எடுப்பா இருக்குது’ என்றார். பாவம், அவரும்தான் என்ன செய்வார்? பட்டறையில் கூலிக்குச் சேர்ந்து மேஸ்திரி ஆகப்போகிற மனிதர். வெளியே தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடிந்துவிடும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. மத்தியானம் சாப்பிட வரும்போது சாயம் போட்ட நூலையும் வியாபாரி கொடுத்த மாதிரியையும் மடியில் முடிந்துகொண்டு வருவார். இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். நான் ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பேன். சிவப்பு தூக்கலாக இருந்தால் நூலில் ஒரு முடிச்சு. மஞ்சள் பத்தாவிட்டால் இரண்டு. சரியாக இருந்தால் முடிச்சே கிடையாது. கை கழுவிவிட்டு நூலைத் தடவிப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இருபது வருஷம் அப்படி நடந்தது. மாதுளம்பூச் சிவப்புக்கு மட்டும் நாலு நாள் முடிச்சுப் போட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நல்ல ஷேடு அது.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சென்னிமலைப் போர்வைத் துணியில் பெரிய கட்டம் போட்டதாகப் பார்த்து வாங்கி ஜன்னலுக்குத் திரை தைத்தேன். கம்பெனியில் வெட்டி மிஞ்சும் பனியன் துணியை மூட்டையாக வாங்கிவந்து, அடுப்படியிலேயே சாயம் காய்ச்சி, பட்டை பட்டையாகக் கிழித்து, ஜடை பின்னி, வட்ட வட்டமாக விரிப்புத் தைத்தேன். கூடத்துச் சுவர் ஒன்றுக்கு மஞ்சள்கிழங்கு நிறம் அடிக்கச் சொன்னேன். பெஞ்சுக்கு மயில்நீலத்தில் மெத்தை, அதன்மேல் குங்கும நிறத்தில் திண்டு. நடுவில் வெள்ளைக் கோலம் மாதிரி ஒரு பின்னல். ‘வெள்ளைச் செவுத்துக்கு என்ன கொறை?’ என்று அவர் முணுமுணுத்தார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே நின்று வாயைப் பிளந்ததைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. கீழ்வீட்டு ஆயம்மாள் தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்வாள். எதிரொலி போன இடம் தெரியவில்லை.

அந்த நாளில் நான் அவரோடு கொஞ்சம் விளையாடியது உண்டு. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு சிவப்புத் தோல். அதை ஒரு பச்சை விரிப்பின்மேல் வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். ‘என்ற கண்ணாடிக் கூடு எங்க போச்சு?’ என்று அதற்கு முன்னால் நின்றுகொண்டே வீட்டை இரண்டாக்குவார். விரிப்பு வெளிர்ப்பச்சையாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். கரும்பச்சையாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சை இருக்கிறது ஐயா, கொஞ்சம் பாசி படிந்தது போல. அதில் வைத்தால் கூடு காணாமலே போய்விடும். எனக்குச் சிரிப்பாக வரும். எந்தச் சிவப்புக்கு எந்தப் பச்சை என்று அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அப்போது வேறு எண்ணம் எதுவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் முதலாளி வீட்டு அம்மா சுப்புலட்சுமி வீடு பார்க்க வந்தார். கூட இன்னும் சில பெண்கள். திரையைத் தொட்டுப் பார்த்தார், திண்டைத் தொட்டுப் பார்த்தார்.

“கலரெல்லாம் ஆரு எடுத்தது மேஸ்திரி? கண்ணுக்குள்ளயே நிக்குது” என்று கேட்டார்.

நான் காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன்.

“நான்தானுங்க” என்றார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அளவுக்கு நான் பழகியவள்தான். “இவகிட்ட உட்டா அவ்வளவுதானுங்க. செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதுங்க இவளுக்கு. பொறவியிலயே அப்படி.”

சுப்புலட்சுமியம்மா நல்ல மனசுக்காரி. என் பக்கத்தில் வந்து, தன் புடவை முந்தானையைத் தூக்கிப் பிடித்து, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்.

“இது என்ன கலருன்னு சொல்லு கண்ணு.”

அரக்கு. உடம்பு அரக்கு, கரையில் பாசிப்பச்சை, நடுவே ஒரு இழை ஜரிகை. நான் நிமிர்ந்து எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நான் அரக்கு என்று சொன்னால், அடுத்த கேள்வி அவரைப் பார்த்துத்தான் வரும்.

“தெரியலீங்கம்மா” என்றேன்.

அவர்கள் போன பிறகு, ‘நல்லாச் சமாளிச்சே புள்ள’ என்று சிரித்தார். அவ்வளவுதான்.

ஊர் சின்னது ஐயா. மறுவாரம் காய்க்காரி எனக்குத் தக்காளியைத் தானே பொறுக்கிப் போட்டாள். ‘இதெல்லாம் பழுத்ததுங்க, நம்பி வாங்குங்க’ என்றாள். ஜவுளிக் கடையில் புடவையைப் பிரிக்கும்போதே பையன் ‘இது செவப்புங்க, இது பச்சைங்க’ என்று ஏலம் போடுகிற மாதிரிச் சொன்னான். ஆயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘இத்தனை வருஷம் எங்கிட்டக்கூடச் சொல்லலியே’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? இதில் வேடிக்கை என்னவென்றால், நாளாக நாளாக எங்கள் வீட்டுக்காரரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் பழுத்த மிளகாய் ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டி, ‘இதா பாரு, இது பச்சை, ஞாபகம் வெச்சுக்க’ என்று பாடம் நடத்தினார். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு மத்தியானமும் நூல் கொண்டுவந்தார். நானும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

தப்பு முடிச்சுப் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு சாயக்கொப்பரை நூல் பாழாகிவிடும். நூல் என்ன பாவம் செய்தது?

ஆகவே இன்னொரு விரிப்புத் தைத்தேன்.

எங்கள் வாசலுக்கு வெளியே மாடிப்படியின் தலைமாட்டில் கொஞ்சம் இடம் உண்டு, நீங்கள் பார்த்தீர்கள். சிவப்புச் சிமெண்டு பூசி இழைத்த தரை. காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் தொட்டு வாரம் இருமுறை துடைத்தால் முகம் பார்க்கலாம். நான் தினமும் துடைத்தேன். அந்தத் தரைக்கு என்ன பச்சை என்று கண்டுபிடிக்கத்தான் நாளானது. இரண்டு விரிப்பைப் பிரித்துப் போட்டேன். ஒன்றில் மஞ்சள் கூடிவிட்டது. ஒன்று காய்ந்த பிறகு வெளுத்துவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது. அதைக் கொடியில் காயப்போட்டபோது, மாதுளம்பூச் சிவப்புக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

போட்டதும் எல்லார் கண்ணையும் பறித்துவிட்டது. சிவப்புத் தரையில் தாமரை இலை மிதப்பது போல இருக்கும். ‘மிதிக்கவே மனசு வரலைங்க’ என்று ஆயம்மாள் ஓரமாகச் சுற்றிப் போவாள். பால்காரர் சுற்றிப் போவார். தண்ணீர் கொண்டுவருகிற பெண் குடத்தோடு தாண்டிப் போவாள். ஊரில் யாருக்கும் ஆபத்தில்லாத விரிப்பு ஐயா அது. யார் வழுக்கிவிழப் போகிறார்கள்? பார்த்தாலே தெரிகிறதே. நீங்கள்கூட அன்றைக்குப் பூட்ஸ் காலோடு சுற்றித்தான் போனீர்கள்.

அவர் மட்டும் ஒருநாளும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் ஒரு விரிப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் அதன் ஓரத்தில் கால் பட்டும் படாமலும் போய்வந்தார். நான் உள்ளேயிருந்து ‘பாத்துப் போங்க’ என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஒருவர் எத்தனை தடவைதான் சொல்ல முடியும்?

மூன்றாம் நாள் காலையில் அவசரமாகக் கிளம்பினார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் நூலை மறந்துவிட்டார் என்று நான் பின்னாலேயே போய்க் கையில் கொடுத்தேன். முடிச்சைத் தடவிக்கொண்டே நடந்தார். சத்தம் அதிகமில்லை.

ஜடை குலைந்து விரிப்பு சுவரோரம் சுருண்டு கிடந்தது. எடுத்து உதறி, இருந்த இடத்தில் நேராகப் போட்டேன். அப்புறம் இறங்கிப் போனேன். படி முடிகிற இடத்தில் தலை சாய்ந்து கிடந்தார். நினைவு இருந்தது. ஆயம்மாள் அப்போது வந்து சேரவில்லை. ஆகவே இதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

“என்ன புள்ள அது?” என்றார்.

“விரிப்புங்க.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “என்ன கலரு?” என்றார்.

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான் ஐயா.

“பச்சைங்க.”

“தரை?”

“செவப்புங்க.”

என்னையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஆயம்மாள் ஓடி வந்து தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இவ்வளவு பளிச்சென்ற பச்சை மேஸ்திரி கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா, ஏதோ யோசனையில் வந்திருக்கிறார் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். ‘உங்களுக்குத்தான் கலர் தெரியாதாமே அம்மா, உங்கள்மேல் தப்பில்லை’ என்றும் சொன்னீர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பேசாமல்தான் இருந்தேன். இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

இன்றைக்குக் காலையில் வெள்ளையடிக்கிற மருதாசலம் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்து நின்றார். வீட்டை நானே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி பெரிய மனசு பண்ணியிருக்கிறார். “கலரு தெரியாதவங்களுக்கு வெள்ளைதான் சொகம், திரையெல்லாம் கழட்டிட்டு நல்லா அடிச்சுக் குடுன்னு முதலாளி சொன்னாருங்க” என்றார் மருதாசலம். மஞ்சள் சுவருக்கு முன்னால் ஏணியைச் சாத்திவிட்டார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டு நேரே இங்கே வந்தேன். அவர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார்.

உங்கள் மேஜையில் விரித்திருப்பது பச்சை. பழைய பச்சை, வெயில் பட்ட பக்கம் புகையிலை நிறத்துக்குப் போய்விட்டது. ரைட்டர் தம்பியின் பேனா மூடி சிவப்பு, அதில் ஊதா சேர்ந்திருக்கிறது. இன்னும் எதை வேண்டுமானாலும் காட்டுங்கள், சொல்கிறேன்.

கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தெரியாமல் செய்தாள் என்று மட்டும் எழுதக்கூடாது. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தது நான். நானே காய்ச்சினேன், நானே பின்னினேன், நானே போட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்குக் கலர் தெரியாது என்பதை மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள் ஐயா. கட்டிய புருஷனைக் காட்டிக்கொடுத்தாள் என்று நாளைக்கு ஒருவர் என்னைச் சொல்லிவிடக்கூடாது.