பத்தில் மூன்று வழுக்கியது

"ஹலோ... ஆமா மேடம், ஜோவிதாதான்... சொல்லுங்க நிருபமா மேடம்... ஆமா, ஆமா, லேப்லதான் இருக்கேன்... என் மாசக் கடிதமா? சாரே படிச்சாரா? ரொம்ப சந்தோஷம் மேடம்..."

ரத்தக் குழாயை இறுக்கும் கிளிப்பைக் கண்டுபிடித்தவர் கோதண்டராமன். அதில் வந்த பணத்தில்தான் ஜோவிதாவையும் இன்னும் பதினோரு டாக்டர்களையும் அவருடைய டிரஸ்ட் சர்ஜரி படிக்க வைத்துக்கொண்டிருந்தது. அவருடைய கருவிகளைப் போட்டுப் பார்த்து, அவர் செயலாளர் நிருபமாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் யாரும் குறை எழுதியதில்லை. தங்கள் சோற்றில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வார்களா?

"என்னது?... சாருக்கா ஆபரேஷன்?... பித்தப்பையா... இப்பவேவா?... எந்தக் கிளிப் மேடம்?... அவரோட புது கிளிப்பா! எங்க கடிதத்தைப் பார்த்துட்டா அதையே போடச் சொன்னாரு?"

ஆட்டு ரத்தக் குழாயில் போட்டுப் பழகியபோது அந்தப் புது கிளிப் பத்தில் மூன்று வழுக்கியது. அவள் எழுதியதோ 'எக்ஸலன்ட்'. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனையே கடிக்க வந்துவிட்டது அந்தப் பொய்.

"ஐயோ, ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க மேடம், கட் பண்ணிடாதீங்க... ஸ்ட்ரெச்சர் கிளம்பிடுச்சா? நிறுத்துங்க! போனை அவர் காதுல வைங்க... அப்புறமா சொல்ற விஷயமில்ல மேடம், கை கூப்பிக் கேட்டுக்கறேன்... ஏசப்பா..."

"சார்... நான் ஜோவிதா... இல்ல சார், வாழ்த்து சொல்ல இல்ல... அந்தக் கிளிப் வேணாம் சார். வழுக்குது... பத்துக்கு மூணு... ஆமா... ஆமா சார், எக்ஸலன்ட்னு நான்தான் எழுதினேன். பொய் சார்... மத்தவங்களுக்கா?... எல்லாருக்கும் வழுக்குச்சு."

படிப்புச் சீட்டு போயிற்று என்று நினைத்தாள். போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சார்?... சார், இருக்கீங்களா?... என்னை வேணா அனுப்பிடுங்க, பரவாயில்ல. நூலால கட்டச் சொல்லுங்க, அது போதும்... சொல்லிட்டீங்களா? நூல்தானே?... மாதாவே... என்ன சார்?... கடிதமா? மறுபடியுமா?... சரி சார், சரி... பயப்படாம எப்படி சார்... பயந்தாலும் எழுதறேன். பன்னெண்டு பேரும் உண்மையை எழுதறோம். படிக்கறதுக்கு நீங்க கண்ணு முழிச்சா போதும்... சார்?... ஹலோ?"

போன் கட்டாகியிருந்தது.