அறிமுகத்துக்கு ஒரு ஆள்

…இது என் கையெழுத்து இல்லையாம் சார்! கேட்டீங்களா கூத்தை? என் கை, என் பேனா, என் செக்கு, என் கணக்கு. போட்டதும் நானே. ஆனா கையெழுத்து மட்டும் என்னோடது இல்லையாம். அப்ப யாரோடதும்மா இதுன்னு கேட்டேன். "தெரியல சார், ஆனா ஒத்துப் போகல சார்"ங்கிறா. அதோ, கடைசி கவுன்டர்ல கண்ணாடி போட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு பாருங்க, அந்தப் பொண்ணுதான்.

கொஞ்சம் நகந்து உக்காருங்க. ஆங்… போதும், போதும். உங்களை இன்னும் கூப்பிடலையே? அப்ப சரி.

அவ மேல கோவம் இல்ல சார் எனக்கு. அதுதான் இதுல பெரிய கஷ்டமே. அந்தக் கண்ணாடி ரூம் தெரியுதில்ல? உள்ள ஒரு நாற்காலி இருக்கே, அது இடது பக்கம் சாஞ்சா ஆளைத் தள்ளி விட்டுடும். நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அது என் நாற்காலி. நான்தான் இங்க மேனேஜர். இந்தப் பொண்ணு வேலைக்கு வந்த புதுசுல, பக்கத்துல உக்கார வச்சு, "எழுத்தைப் பாக்காதம்மா, பேனா எங்க நிக்குது, எங்க தூக்குது, அதைப் பாரு"ன்னு சொல்லிக் குடுத்தவன் நானு. இன்னைக்கு என்னோடதையே அப்படிப் பாத்துட்டா! என்னைக் கண்டதும் எந்திரிச்சு நின்னா. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேட்டா. டீ வரவழைச்சா. நான் கடைசி வாய் குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வச்சேன் பாருங்க, அப்பத்தான் செக்கை ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தா. அதுவும் என் பாடம்தான் சார். முதல்ல டீ, அப்புறம்தான் இல்லைன்னு சொல்லணும்.

நாளைக்கு வாங்கன்னா வந்துட்டுப் போறேன், எனக்கென்ன வேலை இருக்கு? ஆனா இன்னைக்குன்னு பாத்து… வெளில ஹார்ன் சத்தம் கேக்குதா? அந்த வெள்ளைக் காரு. அது ஹார்ன் இல்ல, எங்க அண்ணன். நாளைக்குக் காலைல எங்க குடும்பத்துப் புதுக் கடை திறப்பு விழா. போர்டு எழுதுறவர் ஏணி மேல டப்பாவோட நிக்கிறாரு. பேங்க் மூடுறதுக்குள்ள என் பங்குப் பணம் போய்ச் சேந்தா போர்டுல என் பேரு ஏறும். இல்லன்னா அப்பா பேரு, அண்ணன் பேரு, அதோட சரி. அண்ணன் அப்படித்தான் சொல்லியிருக்காரு. அண்ணன் சொன்னா சொன்னதுதான்.

உங்க வீட்டுக் குழாயைத் திருகுனா தண்ணி வருதில்ல? அது எங்க பைப்புலதான் வருது. நாலு கடை, ஒரு ஃபாக்டரி, லாரியெல்லாம் ஓடுது. அண்ணனுக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே கல்லாவுல உக்காத்தி வச்சுட்டாங்க. நான் ரெண்டாவது. என்னை மட்டும் எதுக்குப் பேங்குக்கு அனுப்புனாருங்கிறீங்க எங்கப்பா? நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். "நம்ம ஆள் ஒருத்தன் உள்ள இருக்கணும்டா"ன்னாரு. அவ்வளவுதான் திட்டம். பெரியவன் வெளில விப்பான், சின்னவன் உள்ள இருந்து கதவைத் திறந்து விடுவான். நல்ல திட்டம் சார். ஆனா தப்பான பையனை அனுப்பிட்டாரு.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சுப் போச்சு! அந்த முத்திரை குத்துற சத்தம் இருக்கே… டொக்கு, டொக்குன்னு. அப்புறம் ஒரு காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்து, இது சரியில்லைன்னு கண்டுபிடிக்கிறது… ஆஹா! அதுல ஒரு சுகம். வீட்டுல நான் என்ன சொன்னாலும் "நீ சும்மா இருடா"ம்பாங்க. இங்க நான் சரியில்லைன்னு சொன்னா அது சரியில்ல.

நான் கவுன்டர்ல உக்காந்த புதுசு. ஒரு செக்கு வருது. யாரோடது? எங்கப்பாவோடது. பாத்தா, கையெழுத்துல அந்தக் கடைசி கொக்கி இல்ல. முந்தின நாளுதான் கடை ஷட்டர்ல விரல் மாட்டிக் கட்டுப் போட்டிருந்தாரு. எனக்குத் தெரியும் சார்! கட்டுப் போட நான்தான் கூட்டிட்டுப் போனேன்! ஆனா கையெழுத்து ஒத்துப் போகல. திருப்பி அனுப்பிட்டேன்.

அரை மணி நேரத்துல அப்பா நேர்ல வந்துட்டாரு, விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. இதே பெஞ்சுதான். இப்ப நீங்க இருக்கிற இடத்துல அவரு. "ஏண்டா, நான் யாருடா?"ன்னாரு. "எங்கப்பா"ன்னேன். "அப்ப பாஸ் பண்ணு"ன்னாரு. "எங்கப்பாங்கிறது எனக்குத் தெரியும்ப்பா, பேங்குக்குத் தெரியாது"ன்னேன். பேங்கே அப்படியே நின்னு போச்சு. அப்பா என்னை ஏற இறங்கப் பாத்தாரு, போயிட்டாரு. மறுநாள் எங்க கம்பெனிக் கணக்கு மொத்தமும் எதிர்த்த பேங்குக்குப் போயிடுச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னாருங்கிறது இங்க சொல்ற மாதிரி இல்ல.

அன்னைலேர்ந்து வீட்டுல எனக்குப் பேரு என்ன தெரியுமா? பேங்கு. பேரு சொல்றதில்ல. "பேங்கு சாப்பிட்டாச்சா?" "பேங்கு குளிக்கப் போயிருக்கு." நான் ரெண்டாவது தடவை சோறு கேட்டா அண்ணன் சொல்லுவாரு, "அவன்கிட்ட ஜாமீன் வாங்கிட்டுப் போடும்மா"ன்னு. அம்மா சிரிப்பாங்க. அப்பாவும்… மீசைக்குள்ளதான், ஆனா சிரிப்பாரு. என் கல்யாணத்துல அண்ணன் மேடையேறி, "பொண்ணு முகத்தை நல்லா ஒத்துப் பாத்துக்கடா, அப்புறம் திருப்பி அனுப்பக் கூடாது"ன்னாரு. என் வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறா.

ஹார்ன் அடிக்கிறாரு பாருங்க! வர்றேன்ண்ணா, வர்றேன்… அங்க எப்படிக் கேக்கும்.

எங்க விட்டேன்? ஆங், கையெழுத்து. இந்தக் கணக்கு நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஆரம்பிச்சது. அன்னைக்கு மாதிரிக் கையெழுத்துன்னு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டாங்க. இப்பத்தான் அந்தப் பொண்ணு திரையில காமிச்சா. அடேயப்பா! அது கையெழுத்து இல்ல சார், ஊர்வலம். முன்னாடி கம்பெனி பேரு, அப்புறம் அப்பா பேரு, அப்புறம் என் பேரு முழுசா, அடியில ஒரு வாலு. அந்த வாலு அட்டையோட ஓரம் வரைக்கும் போயி, அங்க முட்டி, திரும்பி வந்து சுருண்டு, ரெண்டு புள்ளி. பெரிய வீட்டுப் பையன் நான்னு அந்த ரெண்டு புள்ளியே சொல்லுது!

மெஷின்ல கார்டைப் போட்டு எடுத்துக்கிட்டே காலம் ஓடிப் போச்சு. பெரிய செக்குன்னு ஒண்ணு எழுதுனதே இல்ல. இதுக்கு நடுவுல, ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எத்தனை காகிதத்துல கையெழுத்து! முதல்ல வாலு விழுந்துச்சு. ஆபீசர் ஆனேன், கம்பெனி பேரு போச்சு. சின்ன மேனேஜர், அப்பா பேரு முதல் எழுத்தாச்சு. பெரிய மேனேஜர், என் பேர்லயே பாதி போச்சு. பதவி ஏற ஏற கையெழுத்து இறங்கிக்கிட்டே வந்துருச்சு சார். இப்ப என்ன மிச்சம்? பாருங்க… ஒரு புழு. செத்த புழு.

பழசு மாதிரியே போட்டுப் பாருங்க சாருன்னா அவ. போட்டேனே! இதோ, இந்தக் காகிதம் பூரா. வாலு ஓரம் வரைக்கும் போகவே மாட்டேங்குது. நடு வழியில "இதெல்லாம் தேவையா?"ன்னு கேட்டுட்டு நின்னுடுது.

சரி, புதுக் கையெழுத்தைப் பதிஞ்சுக்கோம்மான்னேன். பதியலாம் சார், ஆனான்னு அந்தச் சுவரைக் காமிச்சா. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கே ஒரு அறிவிப்பு, படிச்சீங்களா? நான் சொல்றேன், எனக்கு மனப்பாடம். "முகத்தைப் பார்த்து எதையும் அனுமதிக்கக் கூடாது. புதுக் கணக்கு தொடங்குவோரையும் கையெழுத்தை மாற்ற விரும்புவோரையும், இக்கிளையில் கணக்குள்ள ஒருவர் நேரில் அறிமுகம் செய்ய வேண்டும். உறவினரும் வங்கி ஊழியரும் அறிமுகம் செய்யக் கூடாது. அறிமுகம் செய்பவருக்கு அவர்களது குடும்பமும் தொழிலும் தெரிந்திருக்க வேண்டும்."

யாரு எழுதுனது? யாரு எழுதியிருப்பாங்க சார் இந்த மாதிரி? கீழ பாருங்க. புழு!

தலைமை ஆபீஸ்லயே இப்படி ஒரு விதி கிடையாது. நானா உக்காந்து யோசிச்சது. அதுவும் ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கப்புறம் வந்த எந்த மேனேஜரும் அதைக் கழட்டல. பின்னாடி சுவருல ஓட்டையாம்.

பழைய வாடிக்கையாளர் யாராவது வந்தா கேக்கலாம்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கேன். இரும்புக்கடைக்காரர் வந்தாரு. என்னைப் பாத்ததும் குடையை விரிச்சுட்டாரு. பேங்குக்குள்ள எதுக்குய்யா குடை? முகத்தை மறைச்சுக்கிட்டு அப்படியே பின்னாடியே போயிட்டாரு. ஜவுளிக்கடைம்மா வந்தாங்க. "ஐயோ, ரிட்டர்ன் சாரு!"ன்னு படியிலேயே திரும்பிட்டாங்க. ஒரு காலத்துல எல்லாரையும் திருப்பி அனுப்புனேன். இப்ப அவங்களே திரும்பிப் போறாங்க.

அதனால சார்… நான் ஏன் இவ்வளவும் உங்ககிட்ட சொன்னேன்? சும்மா பொழுது போகாமலா? எங்கப்பா தெரிஞ்சு போச்சு, அண்ணன் தெரிஞ்சு போச்சு, பைப்பு, பேங்கு, கல்யாணம்… குடும்பமும் தொழிலும்! இனிமே என்னைத் தெரியாதுன்னு நீங்க சொல்ல முடியாது. மூடுறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. வாங்க, அந்தப் பொண்ணுகிட்ட வந்து ஒரே ஒரு கையெழுத்து…

என்ன சார் தலையை ஆட்டுறீங்க? கையில என்ன அது? ஃபாரமா? குடுங்க… புதுக் கணக்கு ஆரம்பிக்கிற ஃபாரம்! அப்ப உங்களுக்கு இங்க கணக்கே இல்லையா? இவ்வளவு நேரம் எதுக்குக் காத்துக்கிட்டு… ஓ. அறிமுகம் செய்யிற ஆளுக்கா? நீங்களுமா?

அட ராமா. இதுக்குப் போயி கவலைப்படுவாங்களா! எனக்கு இங்க கணக்கு இருக்கே, நான் போடுறேன், பேனாவை இப்படிக் குடுங்க… ம். என் கையெழுத்துதான் செல்லாதே.

சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க. நானும் சிரிச்சுக்கிறேன்.

போச்சு, அண்ணனே உள்ள வர்றாரு! திட்டப் போறாரு. நீங்க என்னைக் கொஞ்சம் மறைச்சுக்கிட்டு உக்காருங்க… வாங்கண்ணா. இல்லண்ணா, கையெழுத்து ஒத்துப் போகலையாம். ஆமா, எனக்குத்தான். சிரிங்க, நல்லாச் சிரிங்க, பேங்கே பாக்குது. அப்பா இருந்திருந்தா இன்னும் சத்தமாச் சிரிச்சிருப்பாரு, தெரியும். போர்டுக்காரரைப் போகச் சொல்லிடுங்க, என் பேரு வேணாம்… என்னது? எழுதியாச்சா? எப்ப? காலைலயேவா! அப்ப இவ்வளவு நேரம் ஹார்ன் அடிச்சது? பாக்கக் கூட்டிட்டுப் போகவா? பணம் வராம எப்படிண்ணா பேரைப் போடலாம்? முறைன்னு ஒண்ணு… சரி, சரி, நான் சும்மா இருக்கேன். எழுத்து எவ்வளவு பெருசு? உங்க பேரு அளவுக்கா? ம்… நல்லாத்தான் இருக்கும். நல்லாத்தான்ண்ணா இருக்கும்.

போகலாம், இருங்க. ஒரு நிமிஷம். கம்பெனிக் கணக்குதானே எதிர்த்த பேங்குக்குப் போச்சு, உங்க சொந்தக் கணக்கு இன்னும் இங்கதானே இருக்கு? எனக்குத்தான் நீங்க போடக் கூடாது, இவருக்குப் போடலாம். பாவம், எவ்வளவு நேரமா எனக்குத் துணையா உக்காந்திருக்காரு! இந்தாங்க பேனா. அட, தெரியாத ஆளெல்லாம் இல்லண்ணா, எனக்கு ரொம்ப வேண்டியவரு. குடும்பமெல்லாம் நல்லாத் தெரியும். இவரு வந்து… இவரு…

சார், உங்க பேரு என்ன?